பூநாரையின் கால் அளவு

போன மாதம் எங்கள் பழவேற்காட்டு ஏரியில் வரிசையாகக் கம்பம் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் மேலே மஞ்சள் பட்டை, கீழே சிவப்புப் பட்டை. தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் படகு தைரியமாகப் போகலாம். சிவப்பு வெளியே தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. எனக்குத்தான் காற்றில் கம்பம் சாய்ந்தால் என்ன ஆகும், எவனாவது பட்டையைத் தலைகீழாக அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் யோசனை.

பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் எங்கள் படகுக்காரர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்:

"மாமா, கம்பம் இல்லாத காலத்துல ஆழம் எப்டித் தெரிஞ்சிகினே?"

"பறவை காலைப் பாத்து" என்றேன்.

சிரித்தார்கள். அப்புறம் அதையே சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

ஆறாவது படிக்கும்போது நைனாவுக்குக் கை ஒடிந்தது. வலை இழுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். கை கூடியது, நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. அப்புறம் பதினைந்து வருஷம் இறால், நண்டு, மடவை. அந்தக் காலத்தில் ஒருநாள் சென்னையிலிருந்து கழுத்தில் பைனாகுலர் தொங்க நாலு பேர் வந்து படகு வேண்டும் என்றார்கள். கரையில் என் கூட்டாளி கேட்டான்:

"இன்னாத்தத் தேடறாங்க?"

"நாரையப் பாக்க வந்துகிறாங்களாம்."

"பாத்து?"

"பாத்துட்டுப் பூடுவாங்களாம்."

"புடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்து, நாங்கள் திரும்பியதும் படகுக்குள் எட்டிப் பார்த்தான். அப்படி ஆரம்பித்த வேலையைத்தான் இருபத்தாறு வருஷம் செய்து, முட்டி வலியால் போன வருஷம் விட்டேன்.

எனக்குப் பயம் அதிகம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? படகில் ஏறுகிற எல்லோரிடமும் நீச்சல் தெரியுமா என்று கேட்பேன். தெரியாது என்றால், விழுந்துவிடுவார்களே என்று பயம். தெரியும் என்றால், தைரியமாகக் குதித்துவிடுவார்களே என்று பயம். ஏரியில் பாதி இடத்தில் தண்ணீர் முட்டிக்குக்கூட வராது. அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கயிறு மூன்று வைத்திருப்பேன். ஒன்று அறுந்தால் இன்னொன்று, அதுவும் அறுந்தால் மூன்றாவது. இருபத்தாறு வருஷத்தில் முதல் கயிறே அறுந்ததில்லை.

இந்தப் பயத்தால்தான் பறவையின் காலைப் பார்க்கப் பழகினேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஏரியில் மணலும் சேறும் இடம் மாறிவிடும். போன வருஷம் ஆள் மூழ்கிய இடத்தில் இந்த வருஷம் நண்டு ஓடும். கையில் மூங்கில் கழி உண்டு, ஊன்றிப் பார்க்கலாம். ஆனால் கழி சொல்வது நாம் நிற்கிற இடத்து ஆழம். போகப் போகிற இடத்தில் நிற்பது பறவைதான். அதன் காலில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சின்ன உள்ளான் ஓடினால் அங்கே விரல் கடைத் தண்ணீர், கிட்டேயே போகாதே. வெள்ளைக் கொக்கு முட்டி நனைய நின்றால் ஒரு சாண். சாம்பல் நாரை வயிறு நனைய நின்றால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். பூநாரைக்கு வயிறு நனைந்தால் ஏறக்குறைய இரண்டு முழம். ஆள் நிறைந்த என் படகுக்கு, அடியில் சுற்றுகிற இன்ஜின் விசிறியோடு சேர்த்து ஒன்றரை முழம் வேண்டும். ஆகவே பூநாரைக்கு வயிறு நனைந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கூழைக்கடா மட்டும் ஆகாது. அது மிதக்கும், கால் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

இருபது வருஷம் இந்தக் கணக்கு தப்பவில்லை. ஊரில் எனக்கு அதனால் கொஞ்சம் பேரும் உண்டு. அந்தப் பேர்தான் என்னைப் பஞ்சாயத்தில் நிறுத்தியது.

அதற்கு முன் ரேவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். குளிர்காலம் வந்தால் மாதம் இரண்டு தடவை ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு என் படகுக்குத்தான் வருவார். சம்பளம் கொடுக்காத மேலதிகாரி என்றால் எனக்கு அவர்தான். கரையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து முதலில் சட்டையைப் பார்ப்பார். சிவப்பு, வெள்ளை, பளபளப்பு ஆகாது. ஒரு தடவை மஞ்சள் சேலையில் வந்த அம்மா ஒருவருக்கு என் மழைக்கோட்டைப் போர்த்தி, மீன் நாற்றத்தோடு மூன்று மணி நேரம் உட்கார வைத்தார். அடுத்தது மல்லிகைப்பூ, சென்ட். அதற்கும் அடுத்தது முறுக்கு.

"கடிக்கிற சத்தம் கேட்கும்" என்பார்.

"எவ்ளோ தூரத்துக்கு மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்குக் கேட்கும்."

கடைசியாக செல்போன். எல்லாப் போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார். படம் எடுக்கிறவன் பறவையைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. கேமராவும் கூடாது. கண்ணால் பார், நோட்டில் எழுது. அவருடைய நோட்டில் தேதி, இடம், பறவை, எத்தனை, பார்த்தவர் யார் என்று கட்டம் போட்டிருக்கும். இடம் என்ற கட்டத்தில் எப்போதும் எங்கள் குப்பத்துப் பெயர்தான். அதில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ரொம்பப் பெருமை.

மேடத்துக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாது. பூநாரையில் இரண்டு வகை உண்டு, பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்பார். சிறியது நம்ம பக்கம் வருவது அபூர்வம், ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பார்.

"சின்னது குஞ்சு மேடம்" என்பேன்.

"குஞ்சு சாம்பல் கலர்ல இருக்கும் ஏழுமலை."

"அழுக்கு மேடம். வளர்ந்தா பூடும்."

பதினாலு வருஷம் இதே பேச்சு. எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் நான் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

இனி அந்த நாள். ஐந்து வருஷம் இருக்கும். தை மாதம், காலை வெயில் ஏறும் நேரம். மேடம், எட்டுப் பேர், நான். அன்றைக்கு ஏரியின் கிழக்கு வாய்க்கால், பக்கத்து ஊரான நடுக்குப்பத்துப் பாடு.

பாடு என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். அதனால் எங்கள் ஊர்கள் முறை போட்டுக்கொள்ளும். இன்றைக்கு உன் ஊர் என்றால் நாளைக்கு என் ஊர். ஒரு ஊரின் முறை நாளில், அவர்கள் கழி நட்டு வலை கட்டி எடுக்கும்வரை வேறு ஊர்ப் படகு உள்ளே நுழையக் கூடாது. நுழைந்தால் படகைக் கரையேற்றிவிடுவார்கள், அந்தப் பருவம் முழுக்க. பறவை வருவதே நாலு மாதம்தான். அந்த நாலு மாதமும் படகு கரையில் கிடந்தால் என் வீட்டில் உலை கொதிக்காது.

எனக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் ஓரமாகவே போனேன். நடுக்குப்பத்தார் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது வாய்க்காலின் மூலையில் ஒரு கூட்டம் பூநாரை. இருபது இருபத்தைந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் வயிறு நனைந்திருந்தது.

"கொஞ்சம் கிட்ட போக முடியுமா ஏழுமலை?" என்றார் மேடம்.

கணக்குப் போட்டேன். வயிறு நனைந்தால் இரண்டு முழம். மூலையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் வெளியேறிவிடலாம். பாதை திறந்திருக்கிறது. போனேன்.

படகு தரை தட்டும்போது சத்தம் எல்லாம் வராது. நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்தது திடீரென்று கேட்காது, அவ்வளவுதான். இன்ஜினைத் தூக்கினேன். கழியை ஊன்றினேன். ஒரு முழம்கூட இல்லை. சேறு படகைக் கவ்விவிட்டது.

"மேடம், தட்டிடுச்சு."

"உஷ்!"

"மேடம், படகு..."

"அசையாதீங்க!" அவர் முக்காலி மேல் டெலஸ்கோப்பை வைத்துக் கண்ணை ஒட்டியிருந்தார். "எவ்வளவு நாளாச்சு இப்படி ஆடாத படகுல பார்த்து!"

ஆடாமல் இருப்பதுதான் மேடம் பிரச்சினை என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவர் தோள் நடுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"ஏழுமலை, மூக்கைப் பாருங்க. முழுக்கக் கருஞ்சிவப்பு. உடம்பு ரோஜாப்பூ. குஞ்சா இது? சிறு பூநாரை! கூட்டமா வந்திருக்கு!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியதற்கு வயிறு நனைந்தால் இரண்டு முழம். இதற்கு வயிறு நனைந்தால் ஒரு முழம். பக்கத்தில் ஒரு சாம்பல் நாரை நின்றிருந்தால்கூட உயரம் தெரிந்திருக்கும். எல்லாம் ஒரே அளவாக, தனியாக, கானல் அடிக்கிற தண்ணீரில் நின்றதால் ஏமாந்தேன்.

முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறினால் படகு தானாக மிதக்கும். ஆனால் நீர் ஏறுவதற்குள் நடுக்குப்பத்தார் அந்த இடத்தில் கழி நட்டாக வேண்டும். இறங்கித் தள்ளினால் பறவை பறந்துவிடும்.

"பத்து நிமிஷம்" என்றார் மேடம். "படம் எடுக்கணும். இல்லைனா யாரும் நம்ப மாட்டாங்க. போன் பையை எடுங்க."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் போன் கேட்டார். பையை எடுத்தேன். தண்ணீர் பட்டுவிடுமோ என்ற பயத்தில் அதை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, நைலான் கயிற்றால் பதினொரு முடிச்சுப் போட்டிருந்தேன். மீன்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நாலாவது முடிச்சில் இருந்தபோது பின்னால் படகுச் சத்தம் கேட்டது.

நடுக்குப்பத்துப் படகுகள் இரண்டு, கழிக்கட்டும் வலையுமாக. முன் படகில் தேசப்பன் அண்ணன். அறுபது வயசுக்கு மேல். அந்த ஊர்ப் பாடு முறைக்கு அவர்தான் தலைவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"இன்னாப்பா ஏழுமலை, நாஷ்டா ஆச்சா?"

"இல்லண்ணா."

"இன்னிக்கு யாரு பாடு?"

"ஒங்களுதுண்ணா."

"நாளிக்கி?"

நாளைக்கு எங்கள் ஊர்ப் பாடு. இன்றைக்கு அவர்கள் வலை கெட்டால் அந்த இறால் நாளைக்கு எங்களுக்கு. அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் மேடம், திரும்பாமல்.

பின் படகில் இருந்த ஒருவன் கத்தினான்: "எங்க எடத்துல வந்து குந்திகினு எங்களையே கம்முனு கெடன்றாங்க பாரு!"

மேடம் அப்போதுதான் திரும்பினார். கோபப்படவில்லை. "ஐயா, நீங்க வாங்க. ஒரே ஒரு தடவை பாருங்க" என்று தேசப்பன் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் நடந்து வந்து, டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"மூக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன தோணுது?"

"எறங்கித் தள்ளச் சொல்லுமா. நேரமாவுது."

தள்ளினோம். மேடமும் இறங்கினார். எட்டுப் பேரும் முட்டிச் சேற்றில். வங்கியில் வேலை பார்த்த ஒரு பெரியவரின் இரண்டு ஷூவும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. முதல் "ஏலே"க்கே பறவைகள் எழும்பிப் போய்விட்டன. மேடம் ஒரு கையால் படகைத் தள்ளிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். நடுக்குப்பத்து ஆட்களும் தள்ளித்தான் படகு நகர்ந்தது. அதற்குள் நீர் பாதி ஏறிவிட்டது. அன்று அவர்கள் வலை கட்டியது பாதிதான்.

சாயங்காலமே ஆள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி தனம் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"துண்ணுய்யா. தூக்குலயா போடப் போறாங்க?"

"படகைக் கரையேத்திடுவாங்கடி."

"ஏத்துனா எறக்கிக்கலாம்."

"நாலு மாசம்!"

"நாலு மாசம் துண்ணாம இருக்கறதுக்கு இப்பவே பழகறியா?"

வலைக் கொட்டகையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். நடுக்குப்பத்துப் பெரியவர் ஆரம்பித்தார். "ஏழுமலை தெரியாம வந்துட்டான்னா நம்பலாம். ஆனா பறவ காலப் பாத்தே ஆழம் சொல்றவன் இவன். இருவது வருசமா தட்டாத படகு, எங்க பாடு அன்னிக்கு, அவுங்க பாடு வர்றதுக்கு மொத நாளு, எங்க வாய்க்கால்ல வந்து தட்டுதா? இத்த யாரு நம்பறது?"

என்ன சொல்ல? உண்மையைச் சொன்னேன். "அது சின்ன ரகம் பூநாரைங்க. காலு குட்ட."

கொட்டகையே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான். "அது குஞ்சுயா. குஞ்சுக்குப் பெரிசு மாதிரி காலு இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். பதினாலு வருஷமாக நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

மேடம் வந்திருந்தார். பஸ் திருப்பாலைவனத்தோடு நின்றுவிட்டதாம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, புடவையெல்லாம் புழுதி. பறவைப் புத்தகத்தைத் திறந்து இரண்டு படத்தையும் காட்டினார்.

"பொஸ்தவத்துல இருந்தா எங்க ஏரிக்கு வந்துச்சுனு ஆயிடுமா?" என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர். நம்ம ஆள்தான், ஆனால் நியாயம் கேட்கிற நேரத்தில் அப்படித்தான். "படம் புடிக்கலியாமா? இப்பல்லாம் கருவாட்டுக்கே படம் புடிக்கறாங்க."

"போன் எல்லாம் பையில இருந்தது."

"தொறந்து எடுக்கறது?"

"கட்டியிருந்தது."

"யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றேன்.

"எத்தினி முடிச்சு?"

"பதினொண்ணு."

மறுபடியும் சிரிப்பு. படகைக் கரையில் கவிழ்த்து வைத்தால் வெயிலில் அடிப்பலகை வெடிக்குமே, எதைப் போட்டு மூடுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"வேற யார்னா பாத்தாங்களா? இந்தம்மா கூட வந்தவங்க வேணாம், அவுங்க இந்தம்மா சொல்றததான் சொல்லுவாங்க."

"நடுக்குப்பத்தாரு ஒருத்தரு பாத்தாரு" என்று முணுமுணுத்தேன்.

எல்லோரும் தேசப்பன் அண்ணனைப் பார்த்தார்கள். புகார் கொடுத்ததே அவர்தான். அவர் ஆமாம் என்றால் அவர் ஊர் சொன்னது போகும். இல்லை என்றால் என் படகு போகும். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குழாய்ல கண்ண வச்சேன். எதுருல வந்து நிக்கிது. பெரிசுக்கு மூக்கு வெளுப்பா இருந்து நுனி மட்டும் கறுப்பா இருக்கும். இதுக்கு முச்சூடும் கருஞ்செவப்பு. கண்ணும் செவப்பு. காலு இம்மாம்தான்" என்று தன் முட்டியில் கை வைத்துக் காட்டினார். "குஞ்சு இல்ல. எம்மாம் வருசமா குஞ்சு குஞ்சுனு சொல்லிகினு இருந்துகிறேன். மூணு நாளா எனக்கே பேஜாரா கீது."

"அப்போ ஏழுமலை வேணும்னு வர்லன்றியா?"

"வேணும்னு பண்ற மூஞ்சியாயா அது?"

அதற்கும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுவிட்டேன். படகைக் கரையேற்ற வேண்டாம் என்று தீர்ப்பானது. கெட்டுப்போன வலைக்கு ஈடாக எங்கள் ஊர் ஒரு நாள் பாடு முறையை நடுக்குப்பத்துக்கு விட்டுத்தர வேண்டும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாதம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராமல் நிம்மதியாகத்தான் இருந்தது.

எழுந்திருக்கப் போகும் நேரத்தில் தேசப்பன் அண்ணன் கையைத் தூக்கினார்.

"இன்னும் ஒண்ணு கீது. அந்தம்மா நோட்டுல எந்த ஊரு பேரு எழுதிகிறாங்க?"

மேடம் நோட்டைப் பிரித்தார். இடம் என்ற கட்டத்தில் வழக்கம்போல எங்கள் குப்பம்.

"பாடு நாள்ல எங்க வாய்க்காலுக்கு எது வந்தாலும் எங்குளுது. எறா வந்தாலும் சரி, நாரை வந்தாலும் சரி."

எங்கள் ஊர்ப் பெரியவர் துள்ளி எழுந்தார். "படகு எங்களுதுயா!"

"படகு ஒங்களுது. அது கெடந்த சேறு எங்குளுது."

மேடம் பேனாவை எடுத்து எங்கள் ஊர்ப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். நடுக்குப்பம் என்று எழுதினார். பார்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயருக்கு மேலே இருந்த இடத்தில் தேசப்பன் என்று எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அண்ணன் இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் விடியற்காலை என் படகு தண்ணீரில்தான் இருந்தது. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் கரையில் இன்றைக்கும் அந்தச் சின்னப் பூநாரைக்குத் தேசப்பன் நாரை என்றுதான் பெயர். அதற்கு வயிறு நனைந்து நின்றால் ஒரு முழம்தான், அதற்கு மேல் இல்லை. கண்டால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். முதலில் அன்றைக்கு யார் பாடு என்று கேளுங்கள். பறவையை அப்புறம் பார்க்கலாம்.